இறக்குகிறவர் பார்க்க வேண்டும்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது விசாரிக்கப் போன இடத்தில். கார் சர்வீஸ் நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில், தரம் பார்க்கும் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவது என் வழக்கம். ஊரில் அப்பா, "வேலை என்னடா?" என்று கேட்டார்.

"வண்டி ரிப்பேர் பண்றவங்களைக் கேள்வி கேக்கிற வேலைப்பா."

"உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியுமா?"

"தெரியணும்னு அவசியம் இல்ல."

அப்பா, "அப்போ நல்ல வேலைதான்" என்றார்.

எனக்குக் கிடைத்த முதல் விசாரணையே ஒரு சாவைப் பற்றியது. எங்கள் கிளை ஒர்க்ஷாப்பில் சர்வீஸ் முடிந்து போன கார் ஒன்று, சில நாள்களிலேயே மழையில், ஒரு வளைவில் டயர் வெடித்துப் புரண்டது. ஓட்டிப் போன இளைஞன் பிழைக்கவில்லை. வெடித்த டயரை வெளிப்பக்கமிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்விளிம்பு மட்டும் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வழக்கமான சர்வீஸில் டயர் தேய்மானத்தைப் பார்க்க வேண்டியவர் யார், அன்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

போய் நின்றதும் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டேன். வாசலில் வண்டியை வாங்கி வைப்பவர் முந்திக்கொண்டார்.

"நிக்கிற வண்டியில வெளிப்பக்கம் பாப்பேன் சார். உள்பக்கம் பாக்கணும்னா தரையில படுக்கணும். இந்த வெள்ளைச் சட்டையோடயா?"

பிரேக் மெக்கானிக், "சக்கரத்தைக் கழட்டினா என் கண்ணுல பட்டிருக்கும். கழட்டச் சொன்னாத்தானே கழட்டுவேன்?" என்றார்.

வீல் அலைன்மென்ட் பார்ப்பவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்கிட்ட வந்த வண்டியைப் பத்தி என்னைக் கேளுங்க. வராத வண்டிக்கு நான் ஜோசியமா பாக்க முடியும்?"

வண்டி கழுவும் அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "நான் டயருக்குக் கறுப்பு பூசுறவ தம்பி. பூசிட்டா எல்லா டயரும் புதுசுதான்" என்றார்.

யாரோ சிரிக்கப் பார்த்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். அப்போதுதான், வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட்டின் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரை நான் கவனித்தேன். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். கையிலிருந்த கிழிசல் துணியால் ஏற்கெனவே சுத்தமாயிருந்த விரல்களை மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு தம்பி" என்றார். "லிஃப்ட்டுல ஏத்தின வண்டியை யார் இறக்குறாங்களோ, அவங்க இறக்குறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் சுத்திவிட்டு, உள்பக்கம் கையால தடவிப் பாக்கணும். ஏத்தினவன் பாதியில டீ குடிக்கப் போயிருவான். இறக்குறவன் எப்படியும் அங்கதானே நிப்பான். அதனால வந்த வழக்கம். அந்த வண்டியை இறக்கினது நான். நான் பாக்கல."

விசாரணை இவ்வளவு சுலபமா என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் என் காதருகே குனிந்தார். "சார், அது அவரோட அக்கா வண்டி. செத்துப்போனது அக்கா பையன்."

ஒர்க்ஷாப் முழுக்க அவருக்குப் பெயர் மாமா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்ததே அந்தப் பையன்தான். அவன் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்து, வாசலிலிருந்தே "மாமா!" என்று கத்துவானாம். அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிளையை நடத்தும் முதலாளியே ஒருமுறை, "மாமா, அந்த வெள்ளை வண்டி முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவருக்குத் தலை வாரிவிட்டு, சோறு போட்டு, அடித்து வளர்த்தது எல்லாம் அக்காதான். அக்கா கல்யாணமாகிப் போனபோது, பெட்டியோடு பெட்டியாகத் தம்பியும் கூடவே போனார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காவின் கணவர். அந்த வீட்டு மாடி அறையில்தான் இத்தனை வருஷமும் இருந்தார். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்குன்னு தனியா வீடு எதுக்கு? அக்கா வீடு இருக்குதே" என்பாராம். விபத்துக்குப் பிறகு அந்த மாடிக்கு அவர் ஏறவில்லை. ஒர்க்ஷாப்பின் பின்னால், பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் அறையில் ஒரு பாயை விரித்துப் படுக்கிறார். ரப்பர் வாடையில் அரை நிமிஷம் நிற்க முடியாத அறை அது.

நான் கிளம்பும்போது வண்டி கழுவும் அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, படிச்சவரா இருக்கீங்க. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னைக்கு இறக்கினது மாமா இல்ல."

"அப்புறம்?"

"அந்தப் பிள்ளைதான்."

அன்று அரைநாள் விடுமுறை. அவரவர் வீட்டு வண்டியை அவரவரே பார்த்துக்கொள்ளும் நாள். மாமா லிஃப்ட்டுக்கு அடியில் நின்று ஆயில் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பையன் சுற்றிச்சுற்றி வந்து, தன் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் நீதான் பேச வேண்டும், நீ சொன்னால்தான் அம்மா கேட்பாள் என்று கெஞ்சல்.

"மாமா, 'பொண்ணு உன்னைப் பாத்தும் சம்மதிச்சுதா? கண்ணு கிண்ணு நல்லாத்தானே இருக்கு?'ன்னு கேட்டாரு. நான் அங்க வாளியைக் கீழ வச்சிட்டுச் சிரிச்சேன். மாமா முகத்தை நீங்க பாத்திருக்கணும் தம்பி. அவருக்கே கல்யாணம் நிச்சயமான மாதிரி. சின்ன வயசுல இருந்து அந்த லிஃப்ட் பட்டனை அமுக்குறதுன்னா அந்தப் பிள்ளைக்கு உசுரு. 'மாமா, நான் இறக்கட்டுமா?'ன்னான். 'இறக்குடா மாப்பிள்ளை'ன்னாரு. வண்டி இறங்கிடுச்சு. அவ்வளவுதான்."

மாமாவிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"அவன் பட்டனைத்தான் அமுக்கினான் தம்பி. டயர் என் தலைக்கு நேரா இருந்துச்சு. அண்ணாந்தா தெரிஞ்சிருக்கும். நான் அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இதை உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எதை? உன் பிள்ளையைக் கொன்னது உன் பிள்ளையோட கைன்னா?" கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு நீங்க விசாரிக்க அக்கா வீட்டுக்குப் போவீங்கல்ல? நானும் வர்றேன். தனியா போனா கதவைத் திறக்க மாட்டேங்கிறா" என்றார்.

மறுநாள் போனோம். நான் முன்னால் நின்றதால் கதவு திறந்தது. சின்னக் கூடம். ஆணியில் பையனின் அலுவலக அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததற்கு அவர் திரும்பவே இல்லை. மாமா உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை அக்கா கேட்கவே விடவில்லை.

"நீங்க படிச்சவங்கதானே? டயரைப் பாக்கிறது யாரோட வேலை? அதை மட்டும் சொல்லுங்க."

"வண்டியை லிஃப்ட்டுல இருந்து இறக்குறவங்க வேலைம்மா."

அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அத்தனை நாளும் தம்பியோடு பேசாதவர் அப்போது பேசினார்.

"டேய். இறக்கினது யாரு?"

"நான்தான்க்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அங்க அத்தனை பேரு இருக்கீங்க. வேற எவனாவது வந்து இறக்கியிருப்பான்."

"இல்லக்கா."

"இருப்பான்டா!" அவர் குரல் உடைந்தது. "உன்னைத் தவிர எவனா இருந்தாலும் பரவாயில்ல. பேரைச் சொல்லு. நான் அவனை உக்காந்து திட்டிட்டுப் போறேன். நீ மேல போய்க் குளிச்சிட்டு வந்து சாப்பிடு. சொல்லுடா."

மாமா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்று அந்தக் கண்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. நான் தரையைப் பார்த்தேன்.

"வேற யாரும் இல்லக்கா. நான்தான்."

அக்கா உள்ளே போய், மாடி அறையிலிருந்த தம்பியின் துணிகளை மடித்து வைத்த பையை எடுத்து வந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தார். அதை நிலைப்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வேகமாகக்கூடச் சாத்தவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். ஒரு இடத்தில் மட்டும், "அந்தப் பொண்ணைப் பத்தி அக்காவுக்குத் தெரியாது" என்றார். "சொல்றேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இனிமே சொல்லி என்ன?"

அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்ததில், இறக்கியவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர்தான் இருக்கிறது. அவரை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். முதலாளி மறுத்துவிட்டார். அந்தக் கிளையின் வழக்கமே பிறகு எங்கள் எல்லாக் கிளைகளுக்கும் விதியாயிற்று: இறக்குகிறவர் பார்க்க வேண்டும். பலகையில் எழுதி லிஃப்ட் தூணில் மாட்டியிருக்கிறார்கள். அந்த வாசகம் என்னுடையது என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை.

மாமா அதே ஒர்க்ஷாப்பில்தான் இருக்கிறார். ஏற்றிய வண்டி எதுவானாலும் அவரே வந்து தடவிப் பார்த்து, அவரேதான் இறக்குகிறார். பட்டனை வேறு யாரையும் தொடவிடுவதில்லை. மாமா என்று கூப்பிட இப்போது அங்கே யாருக்கும் நா எழுவதில்லை. வேலை இருந்தால் பக்கத்தில் போய் நிற்கிறார்கள், அவர் திரும்பிப் பார்க்கிறார். பின்னறையில் தூங்குகிறார். அக்கா இன்னும் அவரோடு பேசவில்லை.