மருந்துக்கடைக்காரரின் முகம்

படப்பிடிப்புத் தளத்தில் அவரை ‘முதுகண்ணன்’ என்றே அழைப்பார்கள். கதாநாயகன் முதுகைக் காட்டி நடக்கும் காட்சிகளில் எல்லாம் பதினாறு ஆண்டுகளாக நடந்து வந்தவர் அவரே. கதாநாயகனுக்குத் தோள் சரிந்து, உச்சியும் வழுக்கையாகிவிட்டது. அவருக்கோ இரண்டும் பழுதில்லை. வேலைக்கு ஒரே நிபந்தனை, அதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது. ஆகவே, தெருவாருக்கு அவர் வெறும் ஸ்டுடியோ ஊழியர். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் புதுப் படத்தில் கிடைத்த மருந்துக்கடைக்காரர் வேடம் அவருக்கு அவ்வளவு பெரிதாயிற்று. அலமாரியைப் பார்த்து நிற்க வேண்டும்; கதாநாயகன் கேட்டதும் திரும்பி, “அந்த மருந்து எங்ககிட்ட இல்ல சார்” என்று சொல்ல வேண்டும். முகம் தெரியும்; ஊரறியச் சொல்லிக்கொள்ளலாம். மனைவி அன்றே மாடிவீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குரல் நடுங்குமோ, வியர்க்குமோ என்று கவலைப்பட்டார். கழுத்தைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை.

இயக்குநர் “ஆக்‌ஷன்” என்றார். கதாநாயகன் கேட்டார். கழுத்து அசையவில்லை. திரும்பிவிடாதே, திரும்பிவிடாதே என்று பதினாறு ஆண்டுகள் பழக்கிய கழுத்து. வசனத்தை அப்படியே அலமாரியிடம் சொன்னார்.

“முதுகண்ணே, பாட்டிலுக்கா பதில் சொல்றீங்க? ஆளு இந்தப் பக்கம் நிக்கிறாரு,” என்றார் இயக்குநர்.

தளமே சிரித்தது. இரண்டாம் முறை எடுத்தபோது திரும்பினார். பயத்தில் வெளிறிய அந்த முகம், மருந்து இல்லை என்று சொல்ல மனம் வராத ஒருவரின் முகமாகவே இருந்தது.

அதுவே வினையாயிற்று. கதாநாயகன் இரண்டு முறை எடுத்ததையும் தளத்திலிருந்த சிறு திரையில் ஓட்டிப் பார்த்தார்.

“ரெண்டாவதுல ஜனங்க அவரத்தான் பாப்பாங்க. மொதல்ல எடுத்ததே போதுமே.”

“எனக்கும் அதேதான் சார் தோணுச்சு,” என்றார் இயக்குநர்.

இதை முதுகண்ணன் தன் காதால் கேட்டார், வீட்டில் சொல்லவில்லை. மாடிவீட்டுப் பெண் “படம் எப்பண்ணே?” என்று கேட்கும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். மனம் மாறியிருப்பார்கள் என்றும் நான்கு மாதம் நம்பிப் பார்த்தார்.

படம் வந்ததும் மாடிவீட்டுப் பெண்ணோடு மூவராய்த் திரையரங்குக்குப் போனார்கள். திரையில் மருந்துக்கடை வந்தது, போயிற்று.

“எங்கக்கா, முகத்தையே காணோம்?” என்றாள் மாடிவீட்டுப் பெண்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அடுத்து, கதாநாயகன் கடையை விட்டிறங்கி, முதுகைக் காட்டியபடி தெருக்கோடி வரை நடந்தார். விசில் பறந்தது.

“நடையப் பாருங்கக்கா. இதெல்லாம் பொறப்புலயே வரணும்.”

மனைவி வாயைத் திறந்தாள். அவர் பதறி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆமா, வரணும்,” என்றாள் அவள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

“இப்படிக் குறுகி உக்காராதீங்க. தோள் சரிஞ்சா அந்த வேலையும் போயிடும்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.