மாமா செய்த பனித் தகடு

மே பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு மாமா என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா, அம்மாவின் தம்பி. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். திருமுடிவாக்கத்தில் அவருக்கு ஒரு சிறிய வெல்டிங் பட்டறை. வடக்கே மலைப்பாதையில் மினி லாரி ஓட்டும் ஒருவர், சாலைப் பனியைத் தள்ள வண்டியின் முன்னால் மாட்டும் தகடு கேட்டிருந்தார். மாமா காலண்டர் அட்டையில் இரண்டு மாதிரிகள் வெட்டி வந்தார். ஒன்று நேரானது, எடை குறைவு. மற்றொன்று நடுவில் கூராக மடிந்தது. கெட்டிப் பனியையும் பிளக்கும், ஆனால் கனம்.

"நம்ம குடும்பத்துலயே ஸ்னோவை நேர்ல பார்த்தவ நீ ஒருத்திதான் பாப்பா. சொல்லு, எப்டி கீது அது? மாவா, கல்லா?"

பிப்ரவரியில் பள்ளியிலிருந்து செயற்கைப் பனி மண்டபத்துக்கு எங்களை அழைத்துச் சென்றது உண்மை. வழியெல்லாம் வாந்தி எடுத்துப் பேருந்திலேயே நான் படுத்துக் கிடந்ததும் உண்மை. முதலாவதை மட்டுமே வீட்டில் சொல்லியிருந்தேன். வாந்தி பட்ட சீருடையைப் பைக்கு அடியில் சுருட்டி மறைத்துவிட்டு, பார்க்காத பனியை மூன்று மாதங்களாக வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

"மாவு மாதிரி மாமா. ஊதினா பறக்கும்."

"அவ்ளோதான்! நேர் தகடே போதும். மத்தியானம் வெட்டிட்டு, நாளைக்கே ஏத்திடலாம்."

ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா, புடவை மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சின்னப் புள்ள பேச்சைக் கேட்டு இரும்பை வெட்டாதடா. அந்த ஆளுக்கே போன் போடு."

"ரெண்டு நாளா எடுக்க மாட்றாரு, அக்கா."

"எடுக்குற வரைக்கும் போடு."

என் புலமையை அம்மா மதிக்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூவருமாகப் போன ஆலயத்தில் கண்ணை மூடியபோதெல்லாம் ஒரு லாரி தெரிந்தது: முன்னால் பாறைபோல் பனி, பக்கத்தில் பள்ளம், ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஃப்ரீசரைத் திறந்தேன். உள்சுவரில் விரற்கடை கனத்துக்கு வெள்ளையாக உறைந்திருந்தது. ஊதினேன், பறக்கவில்லை. இரும்பு ஸ்கேலால் தள்ளினேன், ஸ்கேல்தான் வளைந்தது. முனையால் குத்தியதும் ஒரு துண்டு பெயர்ந்தது. அதை டம்ளரில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"நான் உள்ள போகவே இல்ல மாமா. பஸ்லயேதான் இருந்தேன்."

மாமா டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அடிப்பாவி! நல்ல வேளை, நேத்து உங்கம்மா சர்ச்சு வாசல்லயே நிக்க வச்சு பதினோரு தபா போன் போட வச்சா. ஆளு எடுத்துட்டாரு. அந்த ஊர்ல அது கல்லுதானாம். கூர் தகடுதான் ஏறிக்கினு போகுது."

பெரும் நிம்மதியுடன் இறங்கி வந்து, டம்ளரில் கரைந்திருந்த நீரை ரோஜாத் தொட்டியில் ஊற்றினேன். அம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் பையில் மறைத்த சீருடை, பிப்ரவரியில் மறுநாளே வெளுத்து, தேய்த்து, அலமாரியில் எப்படி இருந்தது என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு கிளிப்பை எடுத்து அவளிடம் நீட்டினேன்.