சினைமாட்டுக்குச் சொன்ன பதில்

தொய்வு வந்தவர்களுக்குத் தெரியும், மூச்சு உள்ளே போவதில் பெரிய கஷ்டம் இல்லை. போனது வெளியே வராது, அதுதான் வருத்தம். உள்ளேயே நின்றுகொண்டு இடமில்லை இடமில்லை என்று நெஞ்சை முட்டும். எனக்குச் சின்ன வயதிலேயே அது வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்புவரை போனேன். சோக்குத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை, நடந்து போகவும் ஏலவில்லை என்று உம்மா நிறுத்திவிட்டார். எப்படியும் இன்னும் கொஞ்ச நாளில் நிறுத்தத்தான் போகிறோம் என்பது அவர் கணக்கு. பெண்பிள்ளைகளை அப்போது காத்தான்குடியில் அதற்கு மேல் விடுவதில்லை.

அதன் பிறகு வீடுதான். ஆள் உயரத்துக்கு மேலே கிடுகு வேலி, வேலிக்குள்ளே வளவு, வளவுக்குள்ளே வீடு, வீட்டுக்குள்ளே குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் பகல் முழுக்க அங்கேதான். நூலிலிருந்து தும்பு பறக்கும். அது மூக்கில் ஏறினால் எனக்கு இழுப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் நெய்த சாரத்துணி விற்றுத்தான் அரிசி வந்தது. அதனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

முதலில் எனக்கிருந்த மருந்து தகரப் பேணியில் வரும் ஒரு தூள். மூடியில் ஒரு சிட்டிகை போட்டு நெருப்பு வைத்தால் பச்சை வாசத்தோடு புகை வரும். தலையை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் புகையை இழுக்க வேண்டும். முதலில் குடல் வெளியே வருகிற மாதிரி இருமும், பிறகு நெஞ்சு மெல்ல இளகும். பேணியை நான் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பேன். அடிக்கடி எடுத்து ஆட்டிப் பார்ப்பேன், எவ்வளவு மிச்சம் என்று. சத்தம் குறையக் குறையப் பயம் கூடும், அந்தப் பயமே இழுப்பைக் கொண்டு வரும். அதனால் ஆட்டுவதை நிறுத்திப் பார்த்தேன். ஆட்டாமல் இருந்தால் இன்னும் பயமாக இருந்தது.

உலகச் சண்டைக் காலம் வந்தது, கப்பல் வரவில்லை, பேணியும் வரவில்லை. டவுன் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி அதற்குப் பதிலாக விழுங்குகிற வெள்ளைக் குளிசை கொடுக்கத் தொடங்கினார். அதை எனக்குக் கொண்டுவந்து தருவது என் புருசன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரும் அப்படி வந்தவர். சாரங்களைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு விற்கப் போவார். சந்தையில் நின்று விலை கூவினால் நாலு கடைக்குக் கேட்கும். ஆனால் வீட்டுப் பெண்ணைப் பற்றி வெளியாளிடம் ஒரு சொல் பேச வேண்டுமென்றால் அவருக்கு நாக்கு எழும்பாது. முதல் நாள் அப்போதிக்கரி மூச்சு எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டிருக்கிறார். இவர் சொல்ல வெட்கப்பட்டு, தானே இழுத்துக் காட்டியிருக்கிறார். அப்போதிக்கரி உடனே குழாயை எடுத்து இவர் நெஞ்சில் வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நெஞ்சு நல்லாத்தான் இரிக்கி, நடிக்காதீங்க எண்டாரு."

அன்றைக்குச் சிரித்துச் சிரித்தே எனக்கு இழுப்பு வந்தது. ஆனாலும் வீட்டில் ஒராளுக்கு என்று கெஞ்சிக் குளிசையை வாங்கி வந்திருந்தார்.

குளிசை நல்ல மருந்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். புகையில்லை, இருமலில்லை, ஒரு மிடறு தண்ணீரோடு போகும், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறக்கும். அதோடு இன்னொன்றும் திறக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல் நடுங்கும், தறியில் நூல் ஓட்டுகிற நாடா கை தவறிப் போகும், படுத்தால் கண் மூடாது. இது குளிசையின் நடுக்கமா, நான் பயந்து பயந்து வரவைத்த நடுக்கமா என்று எனக்கே தெரியாது. பயப்படுகிற பிறவிக்கு அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் வயிற்றில் பிள்ளை நின்றது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் ஒரே யோசனை. முழு ஆளான என் நெஞ்சையே இந்தக் குளிசை இப்படி உதறுகிறதே, பெருவிரல் அளவு இருக்கிற ஒன்றை என்ன செய்யும்? குளிசை குடித்த ஒவ்வொரு தடவையும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருப்பேன். குடிக்காவிட்டாலோ மூச்சு இல்லை. எனக்கு மூச்சில்லாவிட்டால் அதற்கு எங்கேயிருந்து மூச்சு? இந்த இரண்டு யோசனைக்கும் நடுவில் நான் மாறி மாறி முட்டிக்கொண்டிருந்தேன். யாராவது அப்போதிக்கரியிடம் ஒரு கேள்வி கேட்டு வந்தால் போதும்: பிள்ளைத்தாய்ச்சி இதைக் குடிக்கலாமா?

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது எங்களுக்குள் வழக்கமில்லை. உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கச் சொல்லுவார்.

"கேட்டு வரச் சொல்லுகா. மருந்து கேக்கிறதில என்ன வெக்கம்?"

அவரும் என்னைப் பார்த்தே பதில் சொல்லுவார். "கேக்கிறன் எண்டு மாமிட்டச் சொல்லு புள்ள."

நான் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் போனார், வந்தார். "ஆக்கள் கூட நிண்டாங்க புள்ள" என்றார். அடுத்த முறை, "ஒரு நேர்ஸ் பொம்புள பக்கத்தில நிண்டா, எப்பிடிக் கேக்கிற?" என்றார். பிறகு ஒரு நாள் மத்தியானம் வந்து, சாரப் பொதியை இறக்காமலேயே உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கேட்டன்."

"என்ன சொன்னாரு?"

"குடிக்க வேணாமாம்." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடிச்சா வகுத்தில இரிக்கிறது செத்துப் போகுமாம்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் குடித்தேனே என்பதுதான் எனக்குள் ஓடியது. மிச்சக் குளிசையைக் கடதாசியோடு சுருட்டி, கூரை வளையில் கை எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன்.

பிறகு வந்த கிழமைகளை எப்படிச் சொல்வது? படுக்க முடியாது. தறிக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, முன்னால் தலையணையை அடுக்கி, அதன்மேல் கையை ஊன்றி இருப்பேன். கச்சான் காற்று அடிக்கிற காலம், வேலிக்கு வெளியே மணல் பறக்கிற சத்தம் கேட்கும். காற்று ஊர் முழுக்க இருந்தது. எனக்குள் வருவதற்கு அதற்கு ஒரு ஊசித் துளைதான் இருந்தது. உம்மா ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைக்கத் தந்தார். அதையும் பயந்து பயந்து இழுத்தேன். அது பிள்ளையை என்ன செய்யுமென்று யாரிடம் கேட்பது? கேட்டால் என்ன பதில் வருமோ? பிள்ளை வயிற்றுக்குள் புரண்டால், மூச்சுக்காகப் புரள்கிறதோ என்று நினைப்பேன். புரளாவிட்டால் அதைவிட மோசமாக நினைப்பேன்.

ஒரு நாள் காலை, பகல் வெளிச்சத்திலேயே எனக்குக் கண் இருட்டியது. நகம் நீலமாகிவிட்டது என்று உம்மா கத்தியது கேட்டது. என் புருசன் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே அழத் தொடங்கினார்.

"குளிசையக் குடி புள்ள. குடி. அப்போதிக்கரி உன்னச் சொல்லல்ல."

எனக்குப் பேச மூச்சில்லை. கண்ணால்தான் கேட்டேன்.

"நான் உன்னப் பத்திக் கேக்கல்ல. எனக்கு வாய் வரல்ல. சினைமாடு ஒண்டு இந்தக் குளிசையத் திண்டா என்ன செய்யும் எண்டு கேட்டன். அவருக்குக் கோவம் வந்திட்டு. மருந்தில்லாத காலத்தில மாட்டுக்கா குடுக்கிறீங்க, மாடும் சாகும் கண்டும் சாகும் போங்க எண்டு ஏசினாரு."

மருமகன் ஓடிவந்ததுமே உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். இதைக் கேட்டு வெளியே வந்தார். வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, மருமகனின் முகத்துக்கு நேரே நின்றார்.

"மாடா?" என்றார். "என்ட புள்ள மாடா?"

"இல்ல மாமி..."

"நீங்க வேணாம். நான் கூட்டிப் போறன். போய் வண்டிலப் புடியுங்க."

அன்றைக்கு நான் குளிசை குடிக்கவில்லை. அவர் எவ்வளவோ கெஞ்சினார். மாட்டுக்குச் சொன்னது எனக்கில்லை என்பது அறிவுக்கு விளங்கியது. ஆனால் செத்துப் போகும் என்ற சொல் காதுக்குள் விழுந்துவிட்டதே, அதை யார் எடுப்பது? நேரில் கேட்காமல் குடிக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். இழுப்பு அதுவாகக் கொஞ்சம் தணிந்ததும் ஏற்றினார்கள்.

வண்டிலுக்கு முன்னும் பின்னும் சேலை கட்டியிருந்தது. உள்ளே வைக்கோல் பரப்பி, உம்மா மடியில் நான். வைக்கோல் தூசு மூக்கில் ஏறியது. வெயிலில் வண்டில் கூடு அடுப்பு மாதிரிச் சுட்டது. அவர் பக்கத்தில் நடந்து வந்தார். கல்லடிப் பாலத்தில் ஏறியபோது சில்லுச் சத்தம் மாறியது, வாவிக் காற்று சேலையைத் தூக்கியது. அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டேன். கல்யாணமாகி அதுவரை நான் வாவியைப் பார்த்ததே இல்லை. அன்றும் பார்க்கவில்லை, அதிலிருந்து வந்த காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்பென்சரி வாசலில் சனம் நிறைய. அவர் உள்ளே போய் அப்போதிக்கரியைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். வயதான மனிதர் என்று குரலில் தெரிந்தது.

"ஆருக்கு வருத்தம்?"

"வீட்டில..." என்று என் புருசன் இழுத்தார்.

உம்மா என் தோளை இடித்தார். நான் சேலைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"எனக்குத்தான் ஐயா. வகுத்தில புள்ள. ஏழு மாசம். வெள்ளைக் குளிசை... குடிக்கலாமா?"



"அப்ப அந்தச் சினைமாடு..." என்று தொடங்கி அப்போதிக்கரி நிறுத்திக்கொண்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "என்ன மனுசன் ஐசே நீர்! மாட்டக் கேட்டா மாட்டுக்குத்தானே பதில் வரும்!"

பிறகு குழாயின் நுனியைச் சேலைக்குள் நீட்டினார். "அம்மா, நீங்களே நெஞ்சில வையுங்க. நான் பாக்க மாட்டன்." வைத்தேன். உம்மா என் கையைப் பிடித்து இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு குழாயை வயிற்றுக்கும் கொண்டுபோகச் சொன்னார் அப்போதிக்கரி. அங்கே நீண்ட நேரம் கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் மூச்சை விடவில்லை. இழுப்பில் அடைத்தது வேறு, இது நானே பிடித்தது.

"புள்ள நல்லா இருக்கு," என்றார். "உங்கட நெஞ்சுதான் சரியில்ல."

"குளிசை?" என்றேன்.

"எனக்குத் தெரியாதம்மா. பொய் சொல்ல மாட்டன். இது வந்து கனகாலமில்ல, வயித்துப் புள்ளைக்கு என்ன செய்யுமெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல. ஆனா தாய்க்கு மூச்சு இப்பிடி அடைச்சா புள்ளைக்கு என்ன செய்யுமெண்டு தெரியும். பாதியாக் குடியுங்க. பயந்து நிப்பாட்டாதீங்க."

நான் ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை. படித்தவருக்கே தெரியாத ஒன்றை என் கையில் தந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், எனக்கு யாரும் அவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நேர்மையால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கூடவே கொண்டுவந்த குளிசையைப் பல்லால் கடித்து உம்மா பாதியாக்கினார். என் புருசன் போத்தலில் தண்ணீர் வாங்கி வந்து சேலைக்குள் நீட்டினார். நான் குடித்தேன். திரும்பி வருகையில் பாலத்தைத் தாண்டும்போது நெஞ்சு இளகியது. இளக இளக, இந்தச் சுகத்தை நான் பிள்ளையிடமிருந்து எடுக்கிறேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்தோடேயே காலையில் பாதி, முட்டினால் மறுபாதி என்று மிச்ச மாதங்களும் போயின. பயம் குறையவில்லை. குடிப்பதை நிறுத்தவும் இல்லை.

நோவு தொடங்கியது ஒரு முற்பகல். நோவோடு இழுப்பும் வந்தது. மருத்துவிச்சி, இந்த நேரத்தில் மருந்தொன்றும் வேண்டாம் என்று தடுத்தார். உம்மா அவரை விலக்கிவிட்டுப் பாதிக் குளிசையை என் வாயில் வைத்தார். கை கால் எல்லாம் நடுங்க நடுங்கத்தான் பெற்றேன்.

பெண்பிள்ளை. சின்ன உருவம். அழுதது. மருத்துவிச்சி துடைத்து என்மேல் கிடத்தினார். முகத்தைப் பார், மூக்கைப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதன் நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை, காற்று போய்ப் போய் வந்தது. ஆனால் என் நெஞ்சு போடுகிற சத்தம் குறுக்கே வந்துகொண்டிருந்தது. கேட்பது எது, யாருடையது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும் போலிருந்தது. அதற்காக என் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இனிப் பிடிக்க ஏலாது என்கிற மட்டும் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.