பெரியம்மாவின் ஒப்பாரியைத் திருடிய மெட்ராஸ்காரர்

போன வாரம் என் மகன் கைபேசியில் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். ஒன்று இப்போது வந்த சினிமாப் பாட்டு. மற்றது எந்த நாட்டிலோ நான் பிறப்பதற்கு முன்னால் வந்ததாம். "அப்படியே அடிச்சிருக்கான் பாரும்மா, கொஞ்சங்கூட வெக்கமில்ல" என்று கொதித்தான். கீழே அவனைப் போலவே இன்னும் பலர் கொதித்து எழுதியிருந்தார்கள். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன். அவனுக்கு என் மேலும் கோபம் வந்துவிட்டது. எனக்கு நாலு பேர் எதிரில் கோவையாகப் பேச வராது. பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான். எழுதினால் கொஞ்சம் வரும்.

இந்த மாதிரி ஒரு திருட்டுப் புகார் எங்கள் தெருவிலும் ஒருமுறை எழுந்தது. அப்போது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். பறிகொடுத்தவள் என் பெரியம்மா. எடுத்தவர் மெட்ராஸில் இருந்த ஓர் இசையமைப்பாளர். தன் மேல் இப்படி ஒரு புகார் இருந்ததே அவருக்குக் கடைசிவரை தெரியாது.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும் இடத்தில் இருக்கிறது. பருத்தி, சோளம், சின்ன வெங்காயம், இவைதான் வேலை. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் தெருப் பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்கு, தா.பழூர்ப் பக்கம், நடவுக்குப் போய்விடுவார்கள். நடவு முடிந்துதான் திரும்புவார்கள். பெரியம்மாவும் கல்யாணமான புதிதில் போயிருக்கிறாள்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. ஒப்பாரியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சுற்றுப்பட்டு ஊர்களில் யாராவது இறந்தால் முதலில் மேளத்துக்குச் சொல்லுவார்கள், அடுத்தது பெரியம்மாவுக்கு. கூலிக்குப் பாடுகிறவள் இல்லை அவள். கூப்பிட்டால் போவாள், அவ்வளவுதான். அவள் முதல் அடியை எடுத்தாளென்றால், செத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட மூக்கைச் சிந்திவிடுவார். மெட்டு எப்போதும் ஒன்றுதான். ஆளுக்குத் தகுந்தபடி வார்த்தைகள் மாறும். எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால், "கத்துக்கறதுக்கு இது என்னா தையலா? என் தொண்டையில பொறந்தது" என்பாள்.

அந்த மெட்டுக்கு ஒரு பெரிய ரசிகர் இருந்தார். மேலத்தெருத் தாத்தா, ஊரிலேயே வயசானவர். நாங்கள் களத்தில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருக்கும்போது கோலை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

"நான் போனா என்ன பாடுவ? கொஞ்சம் எடுத்து வுடு, கேப்போம்."

"உசுரோட இருக்கறவங்கள வச்சிக்கிட்டு எப்படிங்கய்யா பாடுறது?"

"செத்தப்பறம் எனக்குக் கேக்காதுல்ல."

பெரியம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் பாடுவாள். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தன் சாவைக் கேட்டுத் தலையாட்டுவார். திருத்தமும் சொல்லுவார். வாலிபத்தில் ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டையின் மேல்வரைக்கும் ஏறியவராம் அவர். அது பாட்டில் வரவில்லை என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஆடா, குட்டியாங்கய்யா? தெரிஞ்சாத்தானே பாட முடியும்."

தாத்தா கொஞ்சம் யோசித்தார். "ஆடுன்னே பாடு. குட்டின்னா ஒரு மாதிரியா இருக்கும்."

அன்றைக்கே அது பாட்டில் ஏறியது.

*கோட்டை உசரமின்னு கூட வந்தோர் நின்னாங்க,*
*ஆட்டத் தோளிலிட்டு அய்யா நீ ஏறினியே.*

தாத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதேதான். இந்த மெட்டு மாறக் கூடாது. சொல்லிப்புட்டேன்" என்றார். பெரியம்மாவும் வெங்காயத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக, "மாறாதுங்கய்யா" என்றாள்.

அந்த வருஷம் தை மாதம் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து. என் சித்தப்பாதான் மைக் செட். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, மெட்ராஸிலிருந்து வந்த புது கேசட்டைப் போட்டார். பந்தலுக்குப் பின்னால் பெரியம்மா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஜோடிப் பாட்டு ஆரம்பித்தது. குழலும் வயலினும் துள்ளிக்கொண்டு போக, ஆணும் பெண்ணும் மாறிமாறிக் கொஞ்சினார்கள். இரண்டாவது அடியில் பெரியம்மாவின் கை நின்றது. அரிவாள்மனையைச் சாய்த்துவிட்டு நேரே சித்தப்பாவிடம் போனாள்.

"தம்பி, நிறுத்து அத. அது என் பாட்டு."

"உங்க பாட்டா? அண்ணி, இது சினிமா. இதுல அழுவயே இல்லியே."

"வேகத்தக் கூட்டி அழுவய எடுத்துப்புட்டான். வேற ஒண்ணும் பண்ணல."

சித்தப்பா நம்பவில்லை. பெரியம்மா அங்கேயே, காதுகுத்துப் பந்தலிலேயே, ஒப்பாரியின் முதல் அடியைக் கொஞ்சம் வேகமாகப் பாடிக் காட்டினாள். மாமன் மடியில் இருந்த குழந்தை வீரிட்டது. ஆனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அதேதான். வளைவு, நெளிவு, இறக்கம் எல்லாம் அதேதான்.

எப்படி மெட்ராஸுக்குப் போயிருக்கும் என்று தெரு முழுக்கப் பேச்சு. முந்தின வருஷம் ஒரு சாவு வீட்டு வாசலில் ஸ்கூட்டர் பஞ்சராகித் தண்ணீர் வாங்கிக் குடித்த ஆள் மேல் சந்தேகம் விழுந்தது. "தண்ணி குடிக்க வந்தவன் மாதிரியா இருந்தான்? காது பூரா இங்கதான் இருந்துச்சு" என்றார்கள். அடுத்த விதைப்புக்கு அவரே பருத்தி விதை விற்க வந்தபோதுதான் அவர் பேரில் இருந்த பழி நீங்கியது. காதுகுத்து அன்றைக்கே, "நான் வேணா மெட்ராஸ் போயி கேட்டுட்டு வரவா அண்ணி?" என்றார் சித்தப்பா. "போயி என்னன்னு கேப்ப?" என்றாள் பெரியம்மா. "எங்க அண்ணியோட அழுவயத் திருப்பிக் குடுய்யான்னு."

பெரியம்மாவும்தான் சிரித்தாள். ஆனால் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அந்தப் பாட்டு பஸ்ஸில் ஓடியது, டீக்கடையில் ஓடியது. நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது பாடிக்கொண்டே போனோம். பக்கத்து ஊரில் ஒரு சாவு விழுந்து, பெரியம்மா போய் உட்கார்ந்து முதல் அடியை எடுத்தாள். பின்னால் நின்ற இளவட்டப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "சினிமா பாட்டுல ஒப்பாரி வைக்கறாடி" என்றாள். பெரியம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. பறிகொடுத்தவளைப் பார்த்தே திருடி என்றால் எப்படி இருக்கும்? அதன் பிறகு எந்தச் சாவுக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்து எழுந்து வந்தாள். வாயைத் திறக்கவில்லை.

அவள் கவலையெல்லாம் மேலத்தெருத் தாத்தாதான். "அய்யா இன்னும் கொஞ்ச நாளு இருந்தார்னா ஜனங்க இந்தப் படத்த மறந்துடும்" என்று அம்மாவிடம் சொல்லுவாள். தாத்தா அவ்வளவு காத்திருக்கவில்லை. சித்திரையில் ஒருநாள் காலை டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாய்ந்து படுத்தார். அவ்வளவுதான்.

பேரன் பேத்தி எடுத்து, அவர்கள் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போகிற சாவை எங்கள் பக்கம் கல்யாணச் சாவு என்பார்கள். வேட்டு, பூப்பல்லக்கு, மேளம், ஆட்டம் எல்லாம் உண்டு. அழுகையும் உண்டு, ஆனால் அதற்கென்று ஓர் அளவு உண்டு. தாத்தாவின் மூத்த மகன் எங்கள் வீட்டு வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"பேத்தியக் கட்டிக் குடுத்த எடத்துலேந்து, தா.பழூர்ச் சம்பந்தி சனம் வருது. நீ வாம்மா, வந்து முன்னால உக்காரு. பாட்டு மட்டும் வேற யாராச்சும் பாடட்டும். அவங்க சிரிச்சிப்புட்டா நல்லாருக்காது."

"சரிங்கண்ணே" என்றாள் பெரியம்மா.

சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுத் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அழுவார்கள். கூட்டத்தைக் கண்டால் கூசுகிறவள் நான். அதனால் பெரியம்மாவின் முந்தானைக்குள் புகுந்து வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். வேறொருத்தி எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். "அய்யாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு எடுத்துவிட்டாள்.

முதல் அடி நன்றாகத்தான் போனது. கோட்டையும் வந்தது. ஆடு வந்தபோதுதான் வினை. மேளக்காரர்கள் அந்த முகூர்த்த மாதங்கள் பூராவும் கல்யாணங்களில் அதே சினிமாப் பாட்டை அடித்துக் கை பழகியவர்கள். மெட்டைக் கேட்டதும் கை தானாக அதற்குத் தாவிவிட்டது. அடி துள்ளிக்கொண்டு கிளம்பியது. வாசலில் நின்ற பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். தாத்தா கோட்டையில் ஏறிக்கொண்டிருந்தபோதே கீழே டூயட் ஆரம்பித்துவிட்டது. மூத்த மகன் ஓடிப்போய்க் கையைக் காட்டினார். மேளம் நின்றது. பெரியம்மாவும் நிறுத்திவிட்டாள். முந்தானையை இழுத்து என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

அந்த அமைதியில்தான் தெருமுனையில் டிராக்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. தா.பழூர்ச் சனம் இறங்கியது. வெளியூர்ப் பெண்கள் தெருமுனையிலிருந்தே பாடிக்கொண்டு வருவது வழக்கம். பேத்தியின் மாமியார், ஆகிருதியான பொம்பளை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்துப் பாடிக்கொண்டே வந்தார்.

அதே மெட்டு.

தெருவே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். சித்தப்பாதான் முதலில் சுதாரித்தார். "அண்ணி! மெட்ராஸ்காரன் இவங்க வூட்டுலயும் பூந்துட்டான்" என்றார்.

இப்போது யார் சிரிப்பது? சிரித்தால் சம்பந்தியைப் பார்த்தல்லவா சிரிக்க வேண்டும்! மூத்த மகன் குனிந்து பெரியம்மாவிடம், "நீயும் சேந்து பாடும்மா, சம்பந்தியம்மா தனியா பாடுறாங்கல்ல" என்று கெஞ்சினார். பெரியம்மா ஒரு நொடி பிகு செய்துகொண்டாள். சம்பந்தியம்மா வந்து சரிந்து உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். அவர் ஓர் அடி, இவள் ஓர் அடி. மேளக்காரர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. வெளியே ஆட்டம், உள்ளே ஒப்பாரி, நடுவில் தாத்தா. ஆடு மட்டும் மூன்று தடவை கோட்டை ஏறியது. அப்படி ஒரு சாவை எங்கள் ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வட்டத்துக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நான் இருந்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது பெரியம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இந்த மெட்டு உங்களுக்கு ஏதுக்கா?"

"எங்கூரு நடவுப் பாட்டுல்ல? எங்கம்மாதான் மொதல்ல பாடுனுச்சு. அப்பறம் வயலு பூரா புடிச்சிக்கிச்சு."

பெரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு அவர் காதோடு வாயை வைத்தாள்.

"யக்கா, நான் உங்கூருக்கு நடவுக்கு வந்தவதாங்க்கா. அங்கேந்துதான் என் தொண்டைக்கு வந்துருக்கும் போலருக்கு. வேகத்தக் கொறச்சி அழுவயச் சேத்துப்புட்டேன். வெளில சொல்லிப்புடாதீங்க."

சம்பந்தியம்மா அவள் தலையை இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டார்.

"அட நீ வேறம்மா. எங்கம்மா மட்டும் என்ன, வயித்துலேந்தா எடுத்துச்சு? டெண்டுக் கொட்டாயில என்னமோ படம் பாத்துட்டு வந்து பாடுனதுதான். நானும் வெளில சொன்னதில்ல."

அவ்வளவுதான். இருவரும் கட்டிக்கொண்டபடியே குலுங்க ஆரம்பித்தார்கள். முதுகு குலுங்கியது, தோள் குலுங்கியது. முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு 'ஊ' என்று ஒரு சத்தம் வந்தது. "பாவம், சம்பந்தியம்மாவுக்கு மனசு தாங்கல" என்று வெளியில் யாரோ சொன்னார்கள். மூத்த மகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க முடியாமல் இருவருக்கும் புரை ஏறியது.

பல்லக்கு போன பிறகும் தெருவில் இதே பேச்சுதான். அப்புறம் சித்தப்பா எந்த விசேஷத்துக்கு அந்தப் பாட்டைப் போட்டாலும் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. "மெட்ராஸ்காரன விட்டுட்டீங்களா அண்ணி?" என்று அவர் சீண்டுவார். "போவட்டும் விடு, பொழச்சிப் போறான்" என்பாள். என்ன பெரிய மனசு என்று தெருவே அவளைப் புகழ்ந்தது. சாவுகளுக்கு மறுபடியும் அவளை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். அவளும் அதே மெட்டில்தான் பாடினாள்.

அன்றைக்கு வட்டத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டவள் நான் ஒருத்திதான். ஆனால் எனக்கு விளங்கியது வேறு. டெண்டுக் கொட்டாய் என்றதும் இரண்டு பெரிய மனுஷிகள் அப்படிக் குலுங்கினால், அந்தக் கொட்டாய் தீப்பிடித்து எரிந்திருக்க வேண்டும், உள்ளே யாரோ வேண்டியவர்கள் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தாங்கவில்லை. பெரியம்மாவின் மடியில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த வட்டத்தில் அப்போது உண்மையாக அழுதுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் மேலத்தெருத் தாத்தாவுக்காக இல்லை, தா.பழூர் டெண்டுக் கொட்டாய்க்காக.