அறுநூறு குடம் தண்ணீர்

நாகப்பட்டினத்துக்குக் குடிபோகிறோம் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து சொன்னார். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வரும் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் படகில் அவர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய துரைமார் நாகப்பட்டினத்துக்கு இடம் மாறியதும் இங்கே சரக்கு குறைந்து வேலை படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு தரகன் வந்தான். அங்கே இதே வேலையாம், இரட்டைக் கூலியாம், குடியிருக்க வீடாம். கப்பல் கூலியைக்கூட அவனே கட்டுவானாம்.

குடிபோவதென்றால் சும்மாவா? வழிக்கு அரிசி எவ்வளவு, முதல் கூலி கைக்கு வரும்வரை அடுப்பெரிய என்ன வேண்டும், ஆட்டை விற்றால் என்ன தேறும் என்று விரல் மடக்கிக் கணக்குப் போட்டேன். தரகன் வந்தபோது ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“ஒண்ணும் வாணாம்மா. பானை, பாய், அரிசி எல்லாம் அங்க நாங்களே குடுத்துடுவோம். இன்னா நைனா, உன் சம்சாரம் இம்மாங் கேள்வி கேக்குது?” என்று அவரைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு குடும்பம் வெறுங்கையோடு போய் வாழ்ந்துவிடும் என்று சொல்கிறவன் ஒன்று குடும்பம் நடத்தாதவன், இல்லை பொய்யன். அவனுக்கோ நாலு பிள்ளைகள் என்று அவனே சொல்லியிருந்தான். முன்பணத்தை நீட்டினான். ஏறும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் குடிசைக்காரி மறுபேச்சில்லாமல் வாங்கி முடிந்துகொண்டாள். அப்போதே அவள்மேலும் எனக்கு ஒரு சந்தேகம்.

எங்களை ஏற்றிப் போகும் கப்பலுக்குக் குடிதண்ணீர் சுமக்க எங்கள் குப்பத்துப் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். மணல் ஊற்றிலிருந்து கடற்கரைவரை பத்துப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு இருபது குடம், மூன்று நாள். கடைசிக் குடத்தை இறக்கும்போது கணக்கு என் தலைக்குள் ஓடியது. ஆளுக்குக் கால் குடம் என்றால், கப்பல்காரர்களையும் சேர்த்து அறுபது பேருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து குடம்; நாங்கள் சுமந்ததோ அறுநூறு. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன்.

“நாகப்பட்டணம் வாடைக் காத்துல நாலு நாளுனு நீதானே சொன்னே? நாப்பது நாள் தண்ணி எதுக்குய்யா?”

“கெடந்துட்டுப் போவுதுமே, தண்ணிதானே” என்றார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியும் அதே தண்ணீரைச் சுமந்தவள்தான். அவளுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், ஆள் சேர்த்துக் கொடுக்கத் தரகனிடம் தனியாக ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளிடம் சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும், எங்களை இழுத்துக்கொண்டுபோய் ஏற்றிவிடுவான் என்று பயந்தேன். அவரிடமும் மூச்சு விடக் கூடாதென்று சத்தியம் வாங்கினேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள்கூட அவளும் நானும் ஏரியில் ஒன்றாக இறங்கி இறால் தடவினோம். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்போம். அதனால் வேலையில் பேச்சே கிடையாது. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. கரையேறியதும் பறியை எடுத்துவிட்டு அவள்தான் முதலில் பேசினாள்.

“மூட்டை கட்டியாச்சாக்கா?”

“ஆச்சு.”

“சுருக்க வந்துடு. நான் முன்னாடியே ஏறி உனக்கு என் பக்கத்துல எடம் போட்டு வெக்கிறேன்.”

விடிந்ததும் நாங்கள் தாழம்புதருக்குள் ஒளிந்துகொண்டோம். அவள் இரண்டு பிள்ளைகளோடும் புருஷனோடும் படகேறி, பலமுறை கரையைத் திரும்பிப் பார்த்தாள். நாகப்பட்டினம் போகிற கப்பல் கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே இறங்கும். இது பாய் விரித்து நேராகச் சூரியன் உதிக்கிற பக்கம் போனது. அவர் கோட்டைக்கு ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். நாகப்பட்டினத்துக்கு ஆள் ஏற்ற யாரும் கப்பல் அனுப்பவில்லை, கடல் தாண்டி அடிமையாக விற்கத்தான் ஏற்றிப் போயிருப்பார்கள் என்றார் கணக்கப்பிள்ளை.

அவளுக்கு எண்ணத் தெரியாது. பத்தைத் தாண்டினால் குழம்பிவிடுவாள். ஒவ்வொரு நாளும் அவளுடைய இறாலை எண்ணிக் கூறு கட்டிக் கொடுத்தது நான்தான். அவளைச் சந்தேகப்பட்டபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

எனக்கு இடம் போட்டு வைக்கிறேன் என்றாள். போட்டுத்தான் வைத்திருப்பாள்.