காதோரப் பஞ்சில் சம்பங்கி

சென்ற வாரம் ஓசூரில் ஒரு சென்ட் கடைக்குள் நுழைந்தேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான், வாங்குவதற்கு அல்ல. கவுன்டரில் நின்ற பெண் விடுவாளா? ஒரு வெள்ளைக் காகிதத் துண்டில் புஸ்ஸென்று அடித்து என் மூக்கருகே நீட்டினாள்.

"ஒயிட் ஃப்ளோரல் மேடம். யூனிசெக்ஸ்... ஜென்ட்ஸும் போடலாம், லேடீஸும் போடலாம். ஒவ்வொரு சென்ட்டுக்கும் ஒரு பர்சனாலிட்டி இருக்கு. இது ரொம்ப போல்டானவங்களுக்கு!"

முகர்ந்தேன். சம்பங்கி. அதன் அடியில் கொஞ்சம் மல்லிகை.

நல்ல வாசனை மனத்தைக் குளிர்விக்கும் என்பார்கள். எனக்கோ நெஞ்சு படபடத்தது. கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன், யாராவது வருகிறார்களா என்று. இந்த வயதிலா? ஆம், இந்த வயதிலும்தான்.

1950-களின் நடுவில் திருமணமாகி நான் ஓசூருக்கு வந்தேன். என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. மாதத்தில் பாதி நாள் கேம்ப். வீட்டில் நானும் அவருடைய அக்கா சரோஜம்மாவும் மட்டுமே. அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு டிரெய்னிங் முடித்து, உள்ளூர்ப் பள்ளியில் டீச்சராக இருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் பாரூரில் நெல்லும் கரும்புமாக விவசாயம் செய்துவந்த அவர்களுடைய பெரியப்பாதான் அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை. அக்கா வேலைக்குப் போக அவர் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்.

"பேரு கெடக் கூடாது. ஒரு சொல்லு வந்துச்சின்னா, மறு பஸ்ஸுல பாரூருக்கு வந்துடணும்."

கணவரை இழந்தவள் பூ வைக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அக்கா அதை மீறவில்லை. ஆனால் ஆண்கள் அத்தர் நனைத்த பஞ்சைக் காது மடலில் செருகிக்கொண்டு திரிந்த காலம் அது. பெரியப்பா வந்து இறங்கினால், அவருக்கு முன்னால் அவருடைய சம்பங்கி அத்தர் வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒருநாள் காலை அக்கா பள்ளிக்குக் கிளம்பி என்னைக் கடந்து போனபோது அதே வாசனை. நான் பதறிப்போனேன். அவர் முக்காட்டை லேசாக விலக்கிக் காட்டினார். காதோரம் மிளகளவு பஞ்சு!

"அக்கா... இது உங்க வீட்டுக்காரர் போட்ட அத்தரா?" என்றேன், கண் கலங்கத் தயாராக.

"யாரு, அவரா? அவர்கிட்ட மூக்குப்பொடி வாசனைதான்டி வரும். எனக்குப் பிடிச்சிருக்கு, வெச்சிக்கறேன். அவ்ளோதான்."

"எங்க வாங்கினீங்க?"

"சந்தையில. பெரியப்பாவுக்குன்னு சொல்லி."

சரோஜம்மா அக்கா அப்படித்தான். குரலை உயர்த்தியதில்லை, தலையைத் தாழ்த்தியதும் இல்லை. பயப்படும் வேலை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

பூ வைத்திருந்தால் விதி மீறல் என்பதோடு போயிருக்கும். இதுவோ ஆண்களின் வாசனை. ஆண்பிள்ளை பாதி நாள் இல்லாத வீட்டில், வயதில் சிறிய ஒரு விதவையைச் சுற்றி ஆணின் அத்தர் மணம் வீசினால் ஊர் என்ன நினைக்கும்? எதிர்வீட்டு ராமக்கா நினைத்தே விட்டாள்.

"இன்னாம்மா, பாரூர் பெரியவரு வந்திருக்காரா?"

"இல்லீங்களே அக்கா."

"அப்படியா? உன் வீட்டுக்காரரும் கேம்ப்புல இருக்காருன்னியே... அத்தர் வாசனை வந்துச்சி. அதான் கேட்டேன்."

அன்று மாலை அக்காவிடம் கெஞ்சினேன். "வேணாம் அக்கா. இது ஆம்பளைங்க வாசனை."

"வாசனைக்கு மீசை இருக்காடி?" என்று சிரித்துவிட்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்துப் பெரியப்பா வந்தார். அவருடைய மச்சான் இறந்துபோய்க் காரியம் முடிந்திருந்த நேரம். காதில் பஞ்சு இல்லை. துக்கத்தில் வாசனை கூடாது அல்லவா? நான் கொடுத்த காபியை வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தினார். மூக்கு விரிந்தது.

"யாரு வந்துட்டுப் போனது?"

"யாரும் வரலீங்க மாமா."

"எனக்கு மூக்கு இல்லைன்னு நினைச்சியா? மச்சான் போனதுல இருந்து நான் பஞ்சே வைக்கல. வூட்டுக்குள்ள எந்த ஆம்பள வாசனை இது?"

அறையிலிருந்து அக்கா வந்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்து அவர் முன்னால் பெஞ்சின் மேல் வைத்தார்.

"நான்தான் பெரியப்பா."

"பொம்பள அத்தர் வெக்கறதா?"

"பூ வெக்கக் கூடாதுன்னீங்க. வெக்கல. பொட்டு கூடாதுன்னீங்க. வெக்கல. அத்தரைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"கடைக்காரன்கிட்ட யாருக்குன்னு சொல்லி வாங்கற?"

"உங்களுக்குன்னுதான்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். காபி அப்படியே ஆடை கட்டிக் கிடக்க, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு நான் பட்ட பாடு! கிருஷ்ணகிரி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் கை வேலை நின்றுவிடும். பெட்டியைக் கட்டச் சொல்லி ஆள் வருமோ? பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போயிருக்குமோ? அக்காவோ மறுநாள் காலையிலும் பஞ்சை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார்.

"இப்ப எடுத்துட்டா, நான் ஏதோ தப்புப் பண்ணினேன்னு ஆயிடும்டி."

அடுத்த மாதம் பெரியப்பா வந்தார். காதில் பஞ்சு திரும்பியிருந்தது; முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் படியேறுவதற்குள் ராமக்கா குரல் கொடுத்தாள்.

"வாங்க பெரியவரே! நீங்க ஊர்ல இருக்கீங்கோ, உங்க வாசனை மட்டும் தினம் இந்த வூட்டுல இருக்குதே... அது எப்படி?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா உள்ளே அசையாமல் நின்றார். ஒரே ஒரு சொல் போதும்; வேலை, சம்பளம், இந்த ஊர் எல்லாம் போய்விடும்.

பெரியப்பா நிதானமாகத் திரும்பினார்.

"நம்ம சரக்கு அப்படிம்மா. ஒருவாட்டி வந்துட்டுப் போனா ஒரு மாசம் நிக்கும். உன் வூட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போகட்டுமா?"

ராமக்கா வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

உள்ளே வந்தவர் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மாடத்தில் வைத்தார்.

"சந்தையில விக்கறது மட்டம். இத நான் இங்க மறந்து வெச்சிட்டுப் போறேன். யாரும் எடுத்துக் குடுக்க வேணாம்."

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் தவறாமல் மறந்தார்.

அக்கா ரிட்டயராகும் வரை டீச்சராகத்தான் இருந்தார். பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கு எத்தனை பேருடைய அனுமதி வேண்டியிருந்தது! இன்று அதையே பாட்டிலின் மேல் அச்சடித்து விற்கிறார்கள்.

"பிடிச்சிருக்கா மேடம்? யாருக்கு, உங்களுக்கா, சாருக்கா?" என்றாள் கடைப் பெண்.

"எனக்குத்தான்" என்றேன். இவ்வளவு காலம் கழித்து, கொஞ்சம் சத்தமாகவே.

தினமும் போட்டுக்கொள்கிறேன். போடும்போது மட்டும், தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.