மொட்டைமாடியில் ஆயிரம் கப்பு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அப்பா, எங்கள் நைனா, மறைந்து ஓராண்டு ஆகியிருக்கும். ஓரிடத்தில் உட்காராத மனிதரைப் பற்றி உட்கார்ந்து எழுதும்படி தம்பிகள் இருவரும் மூத்தவளான என்னிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக எழுதுவதும் அடிப்பதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். அவர் ரத்தம்தானே!

நைனா கார்வேட்டிநகரத்தை அடுத்த சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, கழனி வேலையும் படிப்புமாக வளர்ந்து, சித்தூர்–புத்தூர் பஸ்ஸில் கண்டக்டரானார். பிறர் கஷ்டம் பொறுக்காதவர். பொறுமை மட்டும் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலைத் திறப்பார், உடனே மூடுவார்.

எழுபதுகளில் சித்தூரில் ஆசை ஆசையாய்க் காங்கிரீட் போட்டு மெத்தை வீடு கட்டினார். முதல் கோடையிலேயே வீடு அடுப்பாகிவிட்டது. ஃபேன் அனலைத்தான் வாரி இறைத்தது. கரண்டு போனால் அதுவும் இல்லை. கைக்குழந்தையாயிருந்த சின்னத் தம்பிக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. ஒரு மத்தியானம் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு சாந்திபுரத்துக்கு, தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

"வூடு குளுந்தா சொல்லி அனுப்புங்க. அதுவரிக்கும் என்னைக் கூப்புடாதீங்க" என்றார்.

வாழாமல் போய்விட்டாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. நைனாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை சாந்திபுரம் போய் வாசலோடு திரும்பி வந்தார். அந்தச் சமயத்தில் திருச்சானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் மண்பானைகளை நெருக்கமாகக் கவிழ்த்து, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவதைப் பார்த்தார். பானைக்குள் நிற்கும் காற்று வெயிலைக் கீழே விடாது என்று கொத்தனார் சொன்னதும், அம்மாவைக் கூட்டிவர வழி கிடைத்துவிட்டதென்று துள்ளினார்.

மறுநாள் கார்வேட்டிநகரம் நிறுத்தத்தில் தெரிந்த குயவர் ஒருவரைக் கண்டு, நகரும் பஸ்ஸிலிருந்தே, "கப்புக்கு வோணும்யா, சின்னதா ஆயிரம் செஞ்சி வையி!" என்று கத்தினார். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் கலந்து வரும். தெலுங்கில் கப்பு என்றால் கூரை. குயவரோ தமிழர்.

பத்து நாள் கழித்து பஸ் மேல் வைக்கோல் கூடைகள் வந்து இறங்கின, கூடவே குயவரும். நைனா ஒன்றை எடுத்துப் பார்த்தார். டீ குடிக்கும் மண் கப்பு!

"இன்னாய்யா இது? காது வெச்சிக்கீறே?"

"காது இல்லாம டீ எப்டி குடிப்பாங்க? நீங்க டீக்கடை வெக்கப் போறீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டனே!"

திருப்பி அனுப்ப அவருக்கு ஏது பொறுமை? "காதை ஒடிங்க!" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் பெரிய தம்பியும் காது ஒடித்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. நைனா லீவு போட்டு, தலையில் ஈரத் துண்டோடு வெயிலிலேயே கப்புகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, உங்கம்மா வந்துடுவா" என்பார்.

பாதிக் கூரைகூட முடியவில்லை. யார் போய்ச் சொன்னார்களோ, அம்மா தம்பியோடு வந்து இறங்கினார். மாடியை அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய் நின்று, "குளுந்துதான் கீது. எறங்கி வாங்க" என்றார். நைனா உட்கார்ந்து ஒரு சாப்பாட்டை முழுதாய்ச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கூரையை முடித்து வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தார். வீடு நிஜமாகவே குளிர்ந்தது. வருஷா வருஷம் பங்குனியில் அவரே மாடி ஏறிச் சுண்ணாம்பு அடித்தார். மூச்சுத் திணறலில் கிடந்த கடைசிப் பங்குனியில் சின்னத் தம்பியை ஏற்றிவிட்டு, கட்டிலிலிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார்.

அவரை இரவு பகல் பாராமல் கவனித்த உறவினருக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற தெருவினருக்கும், சேதி கேட்டு ஓடி வந்த பஸ் தொழிலாளர்களுக்கும், அழுதுகொண்டு வந்து நின்ற அந்தக் குயவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தான் வீடு திரும்பிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அன்னிக்கு எங்கடி குளுந்துது? அடுப்பு மாதிரிதான் இருந்துச்சி. நான் அப்டி சொல்லலன்னா அந்த மனுசன் வெயில்லயே செத்திருப்பாரு."

"நைனாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? வேர்வையைத் தொடச்சிக்கினே, ஆமா, குளுந்துதான் கீதுன்னாரு."